துரை பங்களா நமக்கெதற்கு என்பவர்களுக்கு

சபாக்கிலிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் எந்தத் தோட்டத்து ஆட்களிடம் வேண்டுமானாலும் பழைய துரை பங்களாவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். ஒரே பதில்தான் வரும். "வெள்ளக்காரன் வீடு. இடிஞ்சா இடியட்டும், நமக்கென்ன?" கோவில் கூட்டத்தில் சொன்னால் கைதட்டு விழும். கல்யாண மண்டபத்தில் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டுவார். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி, காலனிய அடையாளங்களைச் சுமந்து திரியும் கடமை ஒடுக்கப்பட்டவனுக்கு இல்லை என்பார்கள். சரக்கு ஒன்றுதான், உறைதான் வேறு. அந்தச் சரக்கு எங்கள் பக்கத்தில் கேள்வியே இல்லாமல் விலை போகிறது. அது சொத்தைச் சரக்கு என்பது என் கட்சி.

வாதத்துக்கு முன் வீட்டைப் பார்த்துவிடுவோம். பங்களாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். அது அவர்கள் குற்றமுமில்லை. உள்ளே போக நம்மவர்களை விட்டதில்லை.

செங்கல் தூண்களின்மேல் தூக்கி நிறுத்திய பலகை வீடு. எங்கள் பக்கம் கடலோரச் சமவெளி. பெர்னாம் ஆறு பெருகினால் வாய்க்காலுக்கும் சாலைக்கும் வித்தியாசம் தெரியாது. தரையோடு கட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. மலாய்க்காரர் வீட்டிலிருந்து கால்களையும், வங்காளத்திலிருந்து சுற்று வராந்தாவையும் எடுத்துச் சேர்த்த வடிவம் அது. நாலு புறமும் சரியும் உயரமான கூரை, சுவரின் தலைப்பகுதியில் காற்றுப் போக மரக் கிராதி, வராந்தா விளிம்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய மூங்கில் தட்டி. மின்சாரம் வராத காலத்தில், கொதிக்கும் மத்தியானத்தில் ஒரு மனிதன் அங்கே சாய்ந்து உறங்க முடிந்தது இந்த அமைப்பால்தான். இன்றைக்குத் தாமானில் கடன் எடுத்து வாங்குகிற வரிசை வீட்டில் ஏர்கோன் இல்லாமல் பகலில் உட்கார முடிகிறதா? இந்த நாட்டின் வெயிலையும் மழையையும் புரிந்துகொண்டு கட்டிய வீடுகளின் வரிசையில் பங்களாவுக்கு ஓர் இடம் உண்டு. கட்டடக்கலைப் பெருமை என்று தனியாகப் பேசினால் அது இதுதான். அதோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை.

பின்பக்கம் வாருங்கள். குசினி பெரிய வீட்டோடு ஒட்டியிருக்காது. தீப்பிடித்தால் பரவக்கூடாது, புகையும் தாளிப்பு வாடையும் முன்னறைக்கு வரக்கூடாது. அதனால் தள்ளிக் கட்டி, கூரை போட்ட நடையால் இணைத்திருப்பார்கள். அதற்கும் பின்னால் வேலையாட்களின் அறைகள். ஹைனான் சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர் என்று அங்கே ஒரு சின்ன ஊரே குடியிருந்தது.

அடுத்து குளியலறை. குழாய்த் தண்ணீர் இல்லாத நாளில் அதன் மூலையில் பெரிய ஷாங்காய் ஜாடி ஒன்று நிற்கும். துரை அதில் மொண்டு ஊற்றிக் குளிப்பார். ஜாடியை நிரப்பத் தண்ணீர்க்காரர் வர வேண்டும், வாளியை எடுக்கத் தோட்டி வர வேண்டும். இந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இவர்கள் கூடத்து வழியாக நடந்து வரலாகாது. அதற்கென்றே குளியலறையின் வெளிச்சுவரில் குறுகலான ஒரு கதவும், அதற்கென்று தனிப் படியும் வைத்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆளில்லாமல் கிடந்த பங்களாவில் அப்படி ஒரு கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாள் உள்ளே, வெளிப்பக்கம் பிடியே இல்லை. வருகிறவன் தட்ட வேண்டும், இருப்பவர் திறந்தால் உண்டு. முன்வாசல் படி அகலமானது, விளிம்பெல்லாம் கூராகவே இருந்தது. இந்தப் பின்படியோ நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

அந்தத் தண்ணீர்க்காரரின் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். செக்ரோல் கறையானுக்கோ நெருப்புக்கோ போயிருக்கும். அவர் குடியிருந்த லயம் எப்போதோ தரைமட்டம். காலையில் ஆள் எண்ணுவதற்காக அவர் நின்ற பெரட்டுக் களம் இப்போது செம்பனை. அந்தத் தோட்டத்தில் அவருக்கென்றே அளவெடுத்துச் செய்த பொருள் என்று மிச்சமிருப்பது ஒரு கதவும் ஒரு படியும். வெள்ளைக்காரன் வீடு என்று சொல்லி மண்வாரி இயந்திரத்தை அனுப்பினால், பின்பக்கமாக வருகிற அந்த இயந்திரம் முதலில் தள்ளுவது அந்தப் படியைத்தான்.

இங்கே நம் தரப்பிலிருந்தே ஓர் இனிப்பான ஆதரவு வரும்: "பங்களாவைக் கட்டியதே நம் தாத்தாக்கள்தானே, அதனால் அது நம் சொத்து." எனக்கு இந்த ஆதரவு வேண்டாம். மரவேலை பெரும்பாலும் சீனத் தச்சர்களும் குத்தகைக்காரர்களும் செய்தது. காட்டை அழித்ததிலும், மண் மேடு போட்டதிலும், சாலை வெட்டியதிலும் நம் பங்கு பெரிது; உத்திரம் ஏற்றியதில் பெரிதென்று சொல்ல முடியாது. கட்டியவன் என்ற உரிமையை நீட்டினால் முதல் கேள்வியிலேயே சாய்ந்துவிடுவோம். அந்த வீட்டை நாள்தோறும் ஓட வைத்தவன் என்ற உரிமை நமக்கு இருக்கிறது. அதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம், தரைப்படமே சாட்சி.

வடக்குச் சிலாங்கூரில் பேர்பெற்ற பங்களா எதுவென்றால் ரந்தாவ் பஞ்சாங்கில் ஹென்ரி ஃபோக்கோனியே வாழ்ந்த பனைவீடு. பிரான்சில் பார்பெசியூ என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தவர். 1905இல் மலாயா வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் ரப்பர் போட்டார். 1911, 1912 வாக்கில் சுமத்ராவின் டெலியிலிருந்து வந்த செம்பனை விதைகள் முதலில் அங்கே அழகு மரங்களாகத்தான் வளர்ந்தன. 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், காப்பி பட்டுப்போன நிலத்தில் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். ஃபோக்கோனியே பிறகு துனிசியாவில் குடியேறினார். 'மலேசி' என்ற அவருடைய நாவலுக்கு 1930இல் கொன்கூர் பரிசு கிடைத்தது. நாவலின் ஒரு பகுதிக்கே பனைவீடு என்றுதான் தலைப்பு.

"பார்த்தீர்களா, பிரெஞ்சுக்காரன், பரிசு, நாவல், நாம் எங்கே வருகிறோம்?" என்று கேட்பார்கள். வழிநெடுக வருகிறோம். அழகுக்கு வைத்த அந்த மரங்கள் இன்றைக்கு இந்த நாட்டின் முகத்தையே மாற்றிவிட்ட பயிராகியிருக்கின்றன. உலகச் செம்பனை எண்ணெய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் மலேசியாவுக்கு. நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றியவர், களை எடுத்தவர், முள்ளில் கை கிழிய முதல் குலைகளை வெட்டிச் சுமந்தவர் என்று பார்த்தால் அந்த வரலாற்றில் தமிழர் முன்வரிசை. அந்த வீட்டை ஒரு நாவலாசிரியரின் வீடாக மட்டும் மதிப்பது பிரெஞ்சு இலக்கிய அன்பர்களின் உரிமை, செய்யட்டும். தென்னமரத்திலும் ரந்தாவ் பஞ்சாங்கிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதை மதிக்க வேறு காரணம் இருக்கிறது. நாம் கைகழுவிவிட்டால் கதை நின்றுபோகாது. அவர்கள் மட்டும் சொல்வார்கள். அவர்கள் சொல்கிற கதையில் நாம் தூரத்தில் எங்கோ குடத்தோடு நின்றுகொண்டிருப்போம்.

அடுத்த வாதம் இதைவிடக் கனமானது. பங்களா அவமானத்தின் சின்னம், அவமானத்தை எதற்குக் காக்க வேண்டும் என்பது. 2010இல் கோலாலம்பூர் புடு சிறையின் மதிலை இடித்தபோது துணையமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை, ஆகவே அது பாரம்பரியமில்லை. 1890களில் கட்டிய சிறை. நூற்றாண்டுக் கண்ணீர் அதனுள் இருந்தது, போரில் பிடிபட்ட கைதிகள் உட்பட. மதில் போனது, அங்கே இப்போது வணிக வளாகம் நிற்கிறது. அந்தத் துணையமைச்சரின் தர்க்கத்தைக் கேட்டு நம்மில் சிரித்தவர்கள் உண்டு. பங்களா என்று வந்ததும் அதே தர்க்கத்தை நாமே கையிலெடுக்கிறோம்.

1941இல் கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.எச். நாதன் தலைவர்களில் ஒருவர். பிடித்து நாடு கடத்தினார்கள். துருப்பு வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடை மூடல் என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி உண்டு: துரையும் உத்தியோகஸ்தர்களும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். சைக்கிளிலிருந்து இறங்குவதற்கா போராட்டம் என்று கேட்கும். பங்களா மேட்டின் அடியில் நிற்க வைத்து, சாலை எப்படி வளைந்து ஏறுகிறது, வராந்தாவிலிருந்து பார்த்தால் லயத்தின் ஒவ்வொரு வாசலும் எப்படித் தெரிகிறது, லயத்திலிருந்து பார்த்தால் தட்டிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதே தெரியாமல் போவது எப்படி என்று காட்டிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. கண்காணிப்பு அந்த வீட்டின் உயரத்திலேயே கலந்திருந்தது. வீட்டை இடித்தால் இறங்க வைத்தவன் செய்தது அழிந்துபோகிறது. இறங்க மறுத்தவனின் துணிச்சலையும் காட்ட இடமில்லாமல் போகிறது.

மொரீஷியஸ் தமிழர்களும் பீகாரிகளும் இதை நமக்கு முன்பே புரிந்துகொண்டவர்கள். போர்ட் லூயியில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய அப்ரவாசி காட் வெள்ளைக்கார அரசாங்கம் 1849இல் கட்டத் தொடங்கிய முகாம். கூலிகளை எண்ணிப் பதிவு செய்து கரும்புத் தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிய இடம். ஐந்து லட்சத்தை நெருங்கும் ஆட்கள் மொரீஷியசுக்கு அப்படி வந்தார்கள். அவர்களுடைய சந்ததிகள், எங்களை எண்ணிய இடம் எங்களுக்கெதற்கு என்று விட்டுவிடவில்லை. கப்பலிலிருந்து இறங்கி ஏறிய பதினாறு படிகளையும் பத்திரப்படுத்தினார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

நம் கோபம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை, அதாவது பழங்கோவிலின் எச்சத்தை, மேம்பாட்டாளர் இடித்த செய்தி 2013இல் வெளிவந்ததும் நாடு முழுக்க நம்மவர்கள் கொதித்தார்கள். கொதிக்க வேண்டியதுதான். கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றதும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கோவில் அடித்தளத்துக்கு வருகிற அந்தக் கோபம், நூறாண்டுக்கு முன் நம் பாட்டன் தண்ணீர் தூக்கிய படிக்கு வருவதில்லை. அரசர் கதை இனிக்கிறது, கூலிக் கதை கசக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"நமக்குக் கோவில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, அது போதாதா?" இரண்டும் உயிர். ஆனால் இரண்டும் இடம் மாறுபவை. தோட்டம் கைமாறியதும் பள்ளியின் உரிமம் புதுத் தாமானுக்குப் போகிறது, பெயரில் மட்டும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாரியம்மனும் முனியாண்டியும் மாற்று நிலத்தில் புதுக் கோபுரம் பெறுகிறார்கள். பழைய பலகைக் கோவில் எப்படி இருந்தது என்று கேட்டால் கும்பாபிஷேக மலரில்கூடப் படம் கிடைப்பதில்லை. லயமோ மலிவுப் பலகையும் தகரமும். அது நிலைக்கக் கட்டியதல்ல, ஆட்கள் வெளியேறிய கையோடு சரிந்துவிடும். நல்ல மரத்தில் கட்டியது பங்களா ஒன்றுதான். நம் ஆட்களின் வாழ்க்கை எதிலாவது பதிந்து மிஞ்சியிருக்கிறதென்றால், கசப்பாக இருந்தாலும், அது எஜமானுடைய வீட்டில்தான்.

பண வாதத்துக்கு வருவோம். வீடில்லாத முன்னாள் தோட்டத் தொழிலாளி இருக்கும்போது காலி வீட்டுக்குச் செலவா? கேட்பவரின் நெஞ்சில் ஈரம் இருக்கிறது. அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் காத்துக் கிடந்தது ஏதோ ஒரு பங்களாவுக்கு வண்ணம் பூசப் பணம் போய்விட்டதாலா? நிலம் யாருடைய பெயரில், மேம்பாட்டாளர் என்ன வாக்குக் கொடுத்தார், மாநில அரசு எப்போது அசைந்தது என்பதெல்லாம் வேறு கணக்கு. இதுவரை இடிந்த பங்களாக்களில் எது ஒரு தொழிலாளிக்கு வீடாக மாறியது? பலகை குத்தகைக்காரருக்கு, நிலம் கம்பெனிக்கு. நமக்கு மிஞ்சியது தூசி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும் கதவும் துண்டு துண்டாக விலைக்கு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, இடிப்பு யாருக்கு லாபம் என்று விளக்க வேண்டாம்.

மர வீடு நிற்காது, கறையான் தின்றுவிடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கோலகங்சாரில் 1926இல் கட்டிய இஸ்தானா கெனாங்கான் மரமும் மூங்கிலும்தான்; இன்றும் நிற்கிறது. கெடாவில் சிதைந்துகொண்டிருந்த பெங்குலு அபு செமான் வீட்டை 1990களில் பாடான் வாரிசான் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பலகை பலகையாகப் பிரித்து, எண் போட்டு, கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனருக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியது. மரத்தைக் கொல்வது வயதில்லை, கூரை ஒழுக்கு. ஒரு தகரம் விலகியதும் ஏறிச் சரிசெய்ய ஆளிருந்தால் சென்கால் மரம் நம் பேரப்பிள்ளைகளையும் பார்க்கும்.

காப்பாற்றுகிறேன் என்று வருகிறவர்களிடமும் எனக்கு வழக்குண்டு. அவர்கள் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் முன்வராந்தா, பிரம்பு நாற்காலி, தேநீர், ஓர் இரவுக்கு இவ்வளவு வாடகை என்றிருக்கும். குசினி இடிந்து நீச்சல் குளமாகும், வேலையாட்கள் அறை ஸ்பா ஆகும். இலங்கை மலையகத்தில் துரை பங்களாக்கள் விலையுயர்ந்த விடுதிகளாகி, அதே தோட்டத்தில் லயங்கள் ஒழுகிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டோம். கூடவே கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருப்பதும் அதே மலையகத்தில்தான். அதைச் செய்தவர்களுக்கு என் கும்பிடு. பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித்தின் முடிக்கப்படாத மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் பேய்க்கதை கேட்டுத் திரும்புகிறார்கள். பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோவில் கூரையில், சாமி சிலைகளுக்கிடையே சட்டையும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பதையும், நோயில் மடிந்த தமிழ் ஆட்களின் கதை அதோடு சேர்த்துச் சொல்லப்படுவதையும் எத்தனை பேர் நின்று கேட்கிறார்கள்? முன்வாசலை மட்டும் காக்கிற பாதுகாப்பு இடிப்பின் மெதுவான வடிவம். இந்த ஒரு விஷயத்தில் பங்களா எதிர்ப்பாளர்களின் சந்தேகம் எனக்கும் உண்டு. அதற்கு மருந்து, நாம் உள்ளே போய் உட்காருவதுதான். விலகி நின்றால் குசினியை இடிப்பதை யார் தடுப்பது?

சட்டம் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாலான் அம்பாங்கில் 1929இல் சுவா செங் போக் கட்டிய போக் மாளிகை தரைமட்டமானது. தலைநகரின் நடுவில், கோடீஸ்வரர் ஒருவரின் கல் மாளிகைக்கே அந்தக் கதி என்றால், செம்பனைக்குள் ஒளிந்திருக்கும் பலகை வீட்டுக்கு யார் வருவார்? நிலம் மாநில அதிகாரத்தில்; மாநிலம் இசையாமல் பாரம்பரிய ஆணையரால் ஓரிடத்தைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. ஆனால் தேசியப் பாரம்பரியமாக ஒன்றை முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு. இங்கிலீஷ் பேசுகிற சங்கங்கள் மட்டும்தான் மனுப் போட வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கோவில் நிர்வாகங்கள் தேருக்கும் மண்டபத்துக்கும் எத்தனை மனு எழுதியிருக்கின்றன! அந்தப் பழக்கத்தில் ஒன்று பங்களாவுக்கும் எழுதலாம். மனுவில் வீட்டோடு குசினி, நடை, பின்னறைகள், பின்படி, நிற்கிற ஒரு லயமாவது இருந்தால் அது, செக்ரோல் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மனு தோற்கலாம், பெரும்பாலும் தோற்கும். தோற்றாலும் இடிப்பதற்கு முன் அளவெடுத்து வரைந்து வைக்க எந்தத் தடையும் இல்லை. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் பல பத்தாண்டுகளாக மலாய் மர வீடுகளை ஆணி அளவுக்கு வரைந்து காலாம் ஆய்வு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். தோட்டத்துக்கும் அவர்களைக் கூப்பிடலாம். நாடா பிடித்து அளப்பது அவர்கள் வேலை. இந்தப் படியில் ஏறியவர் யார், இந்த அறையில் படுத்த ஆயாவுக்கு எந்த ஊர், எத்தனை மணிக்குத் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், தாமதமானால் என்ன நடந்தது என்று பக்கத்தில் நின்று சொல்வது நம் வேலை. சொல்லத் தெரிந்தவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். சபாக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் தாமான்களில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பங்களா இருந்தால் என்ன, போனால் என்ன என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து கைதட்டுங்கள்.